மறு விசாரணை: எப்போது கிடைக்கும், ஏன் அது அரிது?



"கோர்ட்டுல தீர்ப்பு சொல்லியாச்சு, இனிமே பேசி என்ன பிரயோசனம்?" என்று ஒரு பேச்சு எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. இதற்கு நேர்மாறான பேச்சும் உண்டு. "இந்தக் கோர்ட்டுல தோத்தா என்ன, மேல் கோர்ட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிக்கலாம்" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். முதல் பேச்சை நம்பினவர், கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் இருந்துவிடுகிறார். இரண்டாவது பேச்சை நம்பினவர், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் நட்டம் ஒன்றுதான்.

ஒரு வழக்கை இரண்டாம் முறையும் விசாரிக்க முடியுமா, எப்போது முடியும், நீதியில் அநியாயம் நடந்தது என்று எதைச் சொல்லலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் இவை எல்லாக் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

தராசை வைத்து ஒரு கணக்கு

கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு அம்மா கொழுந்தைப் போடுகிறார். கணக்கப்பிள்ளை 16 கிலோ என்று எழுதுகிறார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

அவர் இரண்டு விதமாக முறையிடலாம். "நான் இன்னைக்கு 20 கிலோவாவது எடுத்திருப்பேன், இது எப்படி 16 ஆகும்?" என்பது ஒன்று. "தராசு முள் பூச்சியத்துல நிக்கல, நான் பார்க்கிறதுக்கு முன்னாலயே எழுதிட்டீங்க" என்பது மற்றது. முதலாவது முறைப்பாட்டில் இருப்பது மனவருத்தம். இரண்டாவதில் இருப்பது நிறுத்த விதத்தில் உள்ள பிழை. முதலாவதுக்காக மறுபடி நிறுக்கத் தொடங்கினால் பொழுது விடிந்தாலும் வேலை முடியாது. இரண்டாவதுக்காக மறுபடி நிறுக்காவிட்டால் அது அநியாயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தராசைச் சரி செய்து மறுபடி நிறுத்தாலும் 16 கிலோவே வரலாம். அப்போது அந்த அம்மா அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவர் கேட்க உரிமை உள்ளது சரியான நிறுவையை. 20 கிலோ என்ற முடிவைக் கேட்க உரிமை இல்லை.

நீதிமன்றத்திலும் இதே கணக்குத்தான். நமக்குப் பிடிக்காத தீர்ப்பெல்லாம் அநியாயத் தீர்ப்பு ஆகாது. சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல், புரியாத மொழியில், பொய்ச் சாட்சியை வைத்து, அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து விசாரித்தால், அங்கே தராசே கோணல். அப்படியான இடத்தில்தான் மறு விசாரணை என்ற பேச்சு வருகிறது.

மேன்முறையீடு வேறு, மறு விசாரணை வேறு

பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மேன்முறையீடு என்றால், கீழ் நீதிமன்றம் செய்தது சரியா பிழையா என்று மேலே உள்ள நீதிமன்றம் பார்ப்பது. அங்கே சாட்சிகளை மறுபடி கூப்பிடுவது வழக்கமல்ல. கீழே எழுதப்பட்ட வழக்கு ஏட்டை வைத்துக்கொண்டுதான் வாதாடுவார்கள். அந்த ஏட்டில் இல்லாததை மேலே போய்ப் புதிதாகச் சொல்வது மிகவும் கஷ்டம்.

மறு விசாரணை என்றால், முன்பு நடந்த விசாரணையை ரத்துச் செய்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி விசாரிப்பது. சாட்சிகள் திரும்பவும் வர வேண்டும். நம் நாட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படி உத்தரவிட அதிகாரம் உண்டு. ஆனால் எடுத்ததற்கெல்லாம் அப்படிச் செய்ய மாட்டார்கள். முதல் விசாரணையில் பெரிய பிழை இருக்க வேண்டும். அதோடு, எத்தனை வருஷம் கடந்துவிட்டது, சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏற்கெனவே எவ்வளவு காலம் மறியலில் கிடந்துவிட்டார் என்பதையெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் நேர்மையான விசாரணை கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ பேசுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வழக்கைப் பார்ப்போம்.

சிங்கராசா வழக்கு

மடுல்சீமை மலை விளிம்பில் நின்று பார்த்தால் கிழக்கே சமவெளி விரிந்து கிடக்கும். அந்தப் பக்கம், மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளியின் வழக்கு இது. சட்டப் புத்தகங்களில் சிங்கராசா வழக்கு என்றே பெயர்.

1993 ஜூலை 16ஆம் திகதி விடியற்காலையில் அவருடைய ஊரைச் சுற்றி வளைத்தார்கள். சுமார் 150 ஆண்களோடு இவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 11ஆம் திகதி அவரிடமிருந்து குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் இருந்த அதிகாரிகள் இரண்டே பேர். ஒருவர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர். மற்றவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். தமிழில் சொன்னதைச் சிங்களத்துக்கு மாற்றியவரும், அதை டைப் செய்தவரும் அந்தக் கான்ஸ்டபிள்தான். வெளி ஆள் மொழிபெயர்ப்பாளர் யாரும் இருக்கவில்லை. கடைசியில் சிங்களத்தில் டைப் செய்த கடதாசியில் இவருடைய பெருவிரல் அடையாளம் பதிந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது, பலவந்தமாகத்தான் கைநாட்டு வாங்கினார்கள், என்னை அடித்தார்கள் என்று அவர் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்.

இந்த இடத்தில் சட்டத்தில் உள்ள ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வழக்குகளில், பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தக் கதவு திறந்துவிடப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி எடுத்த வாக்குமூலம் செல்லும். அது அடித்து வாங்கியது என்றால், அடிபட்டவரே அதை நிரூபிக்க வேண்டும்.

மூடிய அறையில் அடிபட்டவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? சிங்கராசாவின் முதுகில் தழும்பும் கண்ணில் காயமும் இருந்ததாக வைத்திய அறிக்கை சொன்னது. அப்படியும் கொழும்பு மேல் நீதிமன்றம் அந்த வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. அடித்ததைப் பற்றி அவர் நீதவானிடம் முறையிடவில்லை என்பதை நீதிமன்றம் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. அவருக்கு எதிராக வேறு சாட்சியம் இருக்கவில்லை. அந்த ஒரு கடதாசியை வைத்து, 1995 செப்டெம்பரில் ஐந்து குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஒக்டோபரில் 50 வருஷச் சிறை விதிக்கப்பட்டது.

மேன்முறையீடு செய்தார். நாலு வருஷத்துக்குக் கிட்டப் போன பிறகு, 1999 ஜூலையில், தீர்ப்பு சரிதான் என்று சொல்லி, தண்டனையை மட்டும் 35 வருஷமாகக் குறைத்தார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்டார். 2000 ஜனவரியில் அதுவும் மறுக்கப்பட்டது.

ஐக்கிய நாடுகள் குழு சொன்னது என்ன?

இலங்கை 1980ஆம் ஆண்டில் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. தனி ஆட்கள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம் என்ற ஏற்பாட்டிலும் 1997இல் சேர்ந்தது. அந்த வழியாகச் சிங்கராசாவின் முறைப்பாடு அங்கே போனது. 2004 ஜூலையில் குழு தன் முடிவைச் சொன்னது.

குழு சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். விசாரித்த அதிகாரியே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தது நேர்மையான முறை அல்ல. பலவந்தத்தால் வாங்கிய வாக்குமூலம் என்று ஒருவர் சொன்னால், அது தானாகக் கொடுத்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியது அரசாங்கமே. அந்தப் பாரத்தை அவர் தலையில் வைத்தது பிழை. மேன்முறையீடு அவ்வளவு காலம் இழுபட்டதும் பிழை. ஆகவே அவரை விடுதலை செய்ய வேண்டும், அல்லது மறு விசாரணை செய்ய வேண்டும், நட்டஈடும் கொடுக்க வேண்டும்.

கவனியுங்கள். அவர் குற்றம் செய்யாதவர் என்று குழு சொல்லவில்லை. குற்றம் செய்தவர் என்றும் சொல்லவில்லை. தராசு சரியில்லை, மறுபடி நிறுத்துப் பாருங்கள் என்றுதான் சொன்னது.

அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கராசா தரப்பினர் மறுபடி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான நீதியரசர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். 1997இல் அந்த முறைப்பாட்டு ஏற்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒத்ததல்ல, அதனால் அந்தக் குழுவின் முடிவு இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

உலகத்தின் பெரிய சபை ஒன்று மறு விசாரணை செய்யலாம் என்று சொல்லியும் அந்த வழக்கில் அது கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆரம்பம், படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒரு கடதாசியும் ஒரு கைநாட்டும்.

நமது மாவட்டத்தில் நடந்தது

அநியாயம் என்பது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும் நடப்பதல்ல. பாதிக்கப்பட்டவருக்கும் நடக்கும். அதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம்.

பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ என்ற இடத்தில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. தமிழ் இளைஞர்களும் சிறுவர்களுமாக 41 பேர் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் பெருங்கூட்டம் ஒன்று உள்ளே புகுந்து 27 பேரைக் கொன்றது. மற்றவர்கள் காயப்பட்டார்கள். ஆயுதம் தாங்கிய பொலிசார் பக்கத்திலேயே இருக்கும்போது இது நடந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் மலையகத் தோட்டங்கள் எப்படிக் கொதித்தன என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நீதியரசர் பி.எச்.கே. குலதிலக்க அவர்களின் ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பலர் சாட்சியம் இல்லை என்று விடப்பட்டார்கள். 2003 ஜூலை 1ஆம் திகதி ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். அதன் பிறகு மேன்முறையீட்டில், 2005 மே மாதத்துக்குள் ஐந்து பேருமே விடுவிக்கப்பட்டார்கள்.

27 உயிர் போனது. கடைசியில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனுக்கு இதைவிட என்ன அநியாயம் வேண்டும்?

ஆனாலும் நாம் பொறுமையாக யோசிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. ஒருவரைத் தண்டிக்கும் அளவுக்குச் சாட்சியம் இல்லை என்றால் அவரை விடத்தான் வேண்டும். "யாரையாவது தண்டிக்கணும்" என்று தண்டித்தால், சிங்கராசாவுக்கு நடந்ததையே இன்னொரு குடும்பத்துக்கும் நாம் கேட்பதாக ஆகிவிடும். ஆயிரக்கணக்கானோர் கூடிய இடத்தில், பட்டப்பகலில், பொலிசார் பார்த்துக்கொண்டிருக்க நடந்த ஒரு கொலைக்குப் போதிய சாட்சியம் ஏன் திரளவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதல் நாள், முதல் வாரம், சாட்சியம் சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்க வேண்டிய விதத்தில் சேர்க்காவிட்டால், பின்னால் எத்தனை நீதிபதிகள் உட்கார்ந்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

விடுதலையானவரை மறுபடி இழுக்கலாமா?

"அப்படியானால் அவர்களை மறுபடி விசாரிக்கலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 314ஆம் பிரிவுப்படி, ஒரு குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு விடுதலையானவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை, அதே குற்றத்துக்காகத் திரும்ப விசாரிக்கக் கூடாது.

கேட்கக் கோபம் வரும். ஆனால் இந்த விதி நம்மைப் போன்ற எளியவர்களுக்குத்தான் பெரிய பாதுகாப்பு. அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது, சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஒரு தடவை தோற்றால் இரண்டாம் தடவை, இரண்டாம் தடவை தோற்றால் மூன்றாம் தடவை என்று வழக்குப் போட அவர்களால் முடியும். நாள் சம்பளக்காரனுக்கு ஒரு வழக்கு நாளுக்கே ஒரு பேர் போகிறது, பஸ் காசு போகிறது, சட்டத்தரணி கட்டணம் போகிறது. முடிவே இல்லாத வழக்கு என்றால் குற்றம் செய்யாதவனும் களைத்துப்போய் "ஒத்துக்கிறேன் சாமி" என்று சொல்லிவிடுவான். அதைத் தடுக்கத்தான் இந்த வேலி.

மேல் நீதிமன்றம் விடுதலை செய்த தீர்ப்பை எதிர்த்துச் சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம். அந்தக் கதவு உண்டு. கடைசி நீதிமன்றமே விடுவித்த பிறகு அதுவும் இல்லை.

இந்தியாவில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். குஜராத் மாநிலத்தின் வடோதரா நகரில் 2002 மார்ச் 1ஆம் திகதி, பெஸ்ட் பேக்கரி என்ற பாண் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கில் சாட்சிகள் பலர் பயத்தால் மாற்றிச் சொன்னார்கள். 2003 ஜூனில் 21 பேரும் விடுதலை. அதற்கு எதிராக மேன்முறையீடு போனது. 2004 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை விசாரணையாகவே ஏற்கவில்லை. வேறு மாநிலமான மகாராஷ்டிராவில் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. 2006 பெப்ரவரியில் மும்பாய் நீதிமன்றம் 9 பேரைக் குற்றவாளிகள் என்றது, 8 பேரை விடுவித்தது. 2012இல் மேன்முறையீட்டில் அந்த 9 பேரில் 5 பேர் விடுதலையாகி, 4 பேரின் தண்டனை உறுதியானது.

சாட்சிகள் வாயைத் திறக்க முடியாத இடத்தில் நடந்தது விசாரணை அல்ல. அதனால் அங்கே மறு விசாரணை வந்தது. அதுவும் எல்லாரையும் தூக்கிச் சிறையில் போடவில்லை. இருந்த சாட்சியத்தை நிறுத்துப் பார்த்தது, சிலரைத் தண்டித்தது, சிலரை விட்டது. மறு விசாரணை என்பது பழிவாங்குவதற்கு அல்ல என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

தோட்டத்துக்குள்ளும் இதே நியாயம்

கொலை வழக்கு, பெரிய நீதிமன்றம் என்று சொன்னால் "நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிடாதீர்கள். தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், அவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தச் சபையின் கட்டளை பிழை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலம் 30 நாள். ஆனால் அந்த மேன்முறையீடு சட்டப் பிழையைப் பற்றியதாக இருக்க வேண்டும். "அன்னைக்கு நான் மலையிலதான் இருந்தேன், பக்கத்து நிரையில இருந்த அக்கா சாட்சி" என்பதை முதல் விசாரணையிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேலே போய்ச் சொல்லலாம் என்று பொத்தி வைத்தால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

ஆபீசில் நடக்கும் விசாரணையும் அப்படித்தான். என்ன குற்றச்சாட்டு என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கேளுங்கள். தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்வது விசாரணை ஆகாது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. படிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பொலிசில் வாக்குமூலம் கொடுத்தால், அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமே சொல்கிறது. பிழை இருந்தால் திருத்தவும் கூட்டிச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் வாசித்துக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் அல்ல.

2. நீதிமன்றத்தில் மொழி விளங்காவிட்டால் தலையாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, தமிழில் வழக்கில் பங்குபற்றவும், அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. "விளங்கல ஐயா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

3. அடித்திருந்தால், மிரட்டியிருந்தால், நீதவான் முன் கொண்டு போகும் முதல் தடவையே சொல்லுங்கள். வைத்தியரிடம் காட்டும்போதும் சொல்லுங்கள். சிங்கராசா வழக்கில் இதைச் சொல்லாதது எப்படி எதிராகத் திரும்பியது என்று பார்த்தோம். பயத்தால் சொல்ல முடியாமல் இருந்திருக்கும். ஆனால் ஏட்டில் எழுதப்படாததை மேல் நீதிமன்றம் பார்க்காது.

4. "குத்தத்த ஒத்துக்கிட்டு தண்டத்தக் கட்டிட்டு வா, ஒரே நாளில முடிஞ்சிரும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். செய்த குற்றம் என்றால் அது வேறு. செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டால் மேன்முறையீட்டு வாசல் பெரும்பாலும் அடைபட்டுப் போகும். பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது அந்தப் பதிவும் கூடவே வரும்.

5. குற்றவியல் வழக்கில் மேன்முறையீட்டுக்குக் காலம் 14 நாள்தான். தீர்ப்பு வந்த நாளையே எண்ணத் தொடங்குங்கள். மறியலில் இருப்பவர் சிறை அத்தியட்சகர் மூலமாகவும் மனுக் கொடுக்கலாம். காலம் கடந்துவிட்டாலும், விசேட காரணம் இருந்தால் மீளாய்வு மனு என்று ஒரு வழி உண்டு. ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

6. சட்டத்தரணி வைக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். பதுளையில் அதன் நிலையம் இருக்கிறது. போகும்போது அழைப்பாணை, குற்றப்பத்திரிகை, துண்டுகள் எதுவானாலும் கையில் கொண்டு போங்கள். ஒரு கடதாசியையும் தூக்கி வீச வேண்டாம்.

7. கண்ணால் கண்டதைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போங்கள். ஒரு பேர் போகும் என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு நமது வீட்டுக்கு ஒரு துன்பம் என்றால் நமக்கும் ஒரு சாட்சி வேண்டும். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முதல் நிறுவையைக் காப்போம்

நீதிமன்றங்களைப் பற்றிக் கசப்பாகப் பேசுவது சுலபம். மேலே சொன்ன வழக்குகளைப் படித்தால் கசப்பு வரத்தான் செய்யும். ஆனால் கசப்போடு நின்றுவிட்டால் அடுத்த வழக்கிலும் அதுவேதான் நடக்கும். சட்டம் மாற வேண்டிய இடத்தில் மாற வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் மூலமாகவும், நாம் வாக்குப் போட்ட பிரதிநிதிகள் மூலமாகவும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத மொழியில் ஒரு மனுஷனுடைய வாழ்க்கையை எழுதிக் கைநாட்டு வாங்குவது எந்தக் காலத்திலும் நியாயம் ஆகாது. அது தமிழருக்கு நடந்தாலும் சரி, சிங்களவருக்கு நடந்தாலும் சரி, முஸ்லிம்களுக்கு நடந்தாலும் சரி.

அதுவரை நம் கையில் உள்ளது முதல் விசாரணை. கொழுந்து லொறியில் ஏறி பெக்டரிக்குப் போன பிறகு, "மறுபடி நிறுத்துப் பாருங்க" என்று கேட்டால் எதை வைத்து நிறுப்பார்கள்? வழக்கும் அப்படித்தான். வருஷம் போகப் போகச் சாட்சி செத்துப் போவார், ஞாபகம் மங்கிப் போகும், கடதாசி கறையான் தின்னும். மறு விசாரணை கிடைத்தாலும் அதில் நிறுக்க ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் வீட்டில் சிங்களமும் தமிழும் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பொலிசுக்கோ கோர்ட்டுக்கோ போக வேண்டி வந்தால் அந்தப் பிள்ளையையோ, மொழி தெரிந்த ஒருவரையோ கூட அழைத்துப் போங்கள். அழைப்பாணை ஏதாவது வந்து விளங்காவிட்டால், வழக்கு நாள் வரைக்கும் காத்திராமல், வந்த அன்றே தலைவரிடமோ நலன்புரி அலுவலரிடமோ கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.